பைபாஸ் ரோட்டு மாதா கோயில்

நாகாவோகா,
டிசம்பர் மாதக் கடைசி.

அன்பு மகள் சிஹோவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சௌகரியமாக இருக்கிறேன், உடம்புக்கு ஒன்றுமில்லை, முழங்கால் மட்டும் எப்போதும்போல. அங்கே கெண்ட் நகரத்தில் நீயும் மாப்பிள்ளை யோரிஸும் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும், இந்தக் கடிதம் உங்களை அப்படியே வந்து பார்க்க வேண்டும். இந்த வருடம் பனி சீக்கிரம் வந்துவிட்டது. தெருவில் பனியைக் கரைக்கிற தண்ணீர்க் குழாய்கள் ஓட ஆரம்பித்துவிட்டன, கால் நனையாமல் கடைக்குப் போக முடியவில்லை. எதிர்வீட்டுக்காரர் நம் வாசல் பனியையும் சேர்த்து வாரிப் போட்டுவிடுகிறார். நான் கேட்கவில்லை, அவராகவே செய்கிறார், நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அப்பாவின் நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்தது. இறுதிச் சடங்கன்று பெரியப்பா மகன் தகாயுகி கைபேசியைப் பிடித்துக்கொண்டிருக்க நீ அங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தாய், எல்லோரும் வரிசையாகச் சாம்பிராணிப் பொடி போட்டுக் கும்பிடுகிற இடத்தில் பேட்டரி தீர்ந்து படம் போய்விட்டது. அப்புறம் என்ன ஆச்சும்மா என்று நீ ஒவ்வொரு தடவை பேசும்போதும் கேட்டாய். நல்லபடியா முடிஞ்சுதும்மா என்று மட்டும் சொன்னேன். அது பொய் இல்லை, ஆனால் முழுசும் இல்லை. போனில் எனக்குச் சொல்ல வரவில்லை. வாயைத் திறந்தால் மழை பெய்கிறது, பனி பெய்கிறது என்றுதான் வருகிறது. ஏழு மாத வயிற்றோடு விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னதற்கு நீ என்ன செய்வாய், அதற்காக நீ அழவேண்டாம். உட்கார்ந்து எழுதினால் வரும் என்று நினைத்து எழுதுகிறேன்.

முதலில் உன் மாமியார் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். குளியலறையில் சோப்புக்குப் பக்கத்தில் புத்தர் தலையை வைத்திருக்கிறார், குளித்துவிட்டு வந்து கிமோனோவைத் துண்டு மாதிரி சுற்றிக்கொள்கிறார், அதுவும் வலதுபக்கத்தை மேலே போட்டுப் பிணத்துக்கு உடுத்துகிற மாதிரி உடுத்துகிறார் என்று கோபமாக எழுதியிருந்தாய். அது சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது, சிரிப்பு வரவில்லை, அவ்வளவுதான். அவரிடம் சண்டை போடாதே. இடதுபக்கம் மேலே வரவேண்டும் என்று ஒருநாள் கட்டிக் காட்டு, ஏன் என்று சொல்லாதே, பாவம் பயந்துபோவார். புத்தருக்கு ஒன்றும் ஆகாது. அந்த அம்மாளுடைய சாமியை நாம் கொண்டுவந்து பச்சிங்கோ சூதாட்டக் கடைக்கும் டயர் கடைக்கும் நடுவில் வைத்து, இருபது வருடத்துக்கு மேல் அவர் முன்னாலேயே கேக் வெட்டி ஷாம்பெயின் உடைத்தோம். அவர் நம்மை ஒன்றும் செய்யவில்லையே.

அந்தக் கட்டடத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். பலகையில் செயின்ட் அனபெல் கல்யாண மண்டபம் என்று எழுதியிருந்தாலும் ஊருக்கு அது எப்போதும் பைபாஸ் மாதா கோயில்தான். அனபெல் என்று ஒரு புனிதவதி இருந்தாரா இல்லையா என்று யாருக்கும் தெரியாது, முதலாளி ஒனோதெராவுக்கு அந்தப் பெயர் காதுக்கு நன்றாக இருந்தது. வயலை நிரவிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தபோது, நீ அப்போது சின்னப் பள்ளிக்கூடத்தில் இருந்தாய், அப்பாவை முதலாளி இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே ஆள் வராமல் மூடிப்போன ஒரு கிராமத்து மாதா கோயிலின் வண்ணக் கண்ணாடி ஜன்னலையும் மர பெஞ்சுகளையும் அப்பா பேசி வாங்கி, வைக்கோல் அடைத்த பெட்டிகளில் கொண்டுவந்தார். கண்ணாடியில் ஒருவர் தோளில் ஆட்டுக்குட்டியோடு நிற்பார். அவர் யார் என்று கல்யாணப் பெண்கள் கேட்டால் அப்பா, ரொம்ப நல்லவரும்மா என்று சொல்லி அடுத்த வேலைக்குப் போய்விடுவார். பாதிரியார் வேலைக்கு டங்கன் வந்தார், நியூசிலாந்துக்காரர், வாரநாட்களில் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார், சனி ஞாயிறு வெள்ளை அங்கி. முதல் நாளே அவர் அப்பாவிடம், ஷிகெஹரு சார், நான் நெஜப் பாதிரியார் இல்லீங்க, அப்புறம் பிரச்சனை வரக்கூடாது என்று சொன்னாராம். அப்பா, எங்களுக்கும் அந்த மதத்தைப் பத்தி ஒண்ணும் தெரியாது, ரெண்டும் சரியாப் போச்சு என்றாராம். அன்றிலிருந்து இரண்டு பேரும் சிநேகிதம்.

நீ அந்த வேலையை மதிக்கவில்லை என்று அப்பாவுக்குத் தெரியும். காலேஜில் படிக்கும்போது சாப்பாட்டு மேசையில் வைத்து, இயேசுவை நம்பறவங்க ஒருத்தர்கூட இல்லாத ஊர்ல எதுக்குப்பா இந்த வேஷம், பாக்கறவங்க சிரிக்கறாங்க என்று கேட்டாய். அப்பா மிசோ சூப்பைக் குடித்து முடித்துக் கிண்ணத்தை வைத்துவிட்டு, கல்யாணம் பண்ணிக்கறவங்க யாரும் சிரிக்கலையேம்மா என்று மட்டும் சொன்னார். உன் கல்யாணத்தை அங்கே வைக்க மாட்டேன் என்று நீ கெண்ட் நகரசபை அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டபோதும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, அவரும் குறையாக நினைக்கவில்லை. மறுநாள் நீ எங்களை அந்தப் பெரிய, பழைய மாதா கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாய், ஞாபகம் இருக்கும். அப்பா கதவுக் கீலையும் தரைக் கல்லையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார், கடைசியில் ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்து கூப்பிடக் கூப்பிட வரவில்லை, கால் வலி என்றார். விமானத்தில் வரும்போது என்னிடம், மித்சுயோ, கட்டடம்னா அது கட்டடம், ஆனா உள்ள எல்லாம் நம்மள மாதிரி வேடிக்கை பாக்க வந்தவங்கதான், ஒரே ஒரு வயசான அம்மா மட்டும் முட்டி போட்டிருந்தாங்க, அவங்களுக்குப் பக்கத்துல ஹீட்டர்கூட இல்ல என்றார். கொஞ்ச நேரம் கழித்து, நம்ம இடத்துல சூடு நல்லா இருக்கும் என்றார். சீட்டு வாரைக் கட்டிக்கொண்டு தூங்கிவிட்டார்.

நீ போன பிறகு கல்யாணங்கள் குறைந்துபோயின. பிள்ளைகள் கல்யாணமே செய்துகொள்வதில்லை, செய்தாலும் படம் மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். போன வசந்தத்தில் முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு, இனிமே நம்ம ஊர்ல பிறக்கறவங்களவிடச் சாகறவங்கதான் அதிகம், இதைச் சாவு மண்டபமா மாத்திடலாம் என்று சொல்லிவிட்டார். அப்பா ஓய்வு பெற வேண்டிய நேரம். ஆனால் எந்த வயர் எந்தச் சுவருக்குள் ஓடுகிறது என்று அவருக்குத்தான் தெரியும் என்பதால் இருந்து மாற்றிக் கொடுக்கச் சொன்னார்கள். கூரைச் சிலுவையைக் கழற்றினார்கள். ஆர்கனை ஒரு பள்ளிக்கூடம் வாங்கிக்கொண்டது. பெஞ்சுகள் போய் மடக்கு நாற்காலிகள் வந்தன. ஜன்னல் கண்ணாடியையும் எடுத்துவிடலாமா என்று முதலாளி கேட்டதற்கு அப்பா, அவர் பாட்டுக்கு ஆட்டைத் தூக்கிட்டு நிக்கறாரு, யாருக்கு என்ன தொந்தரவு என்று சொல்லிவிட்டாராம், அது அப்படியே இருந்துவிட்டது. அந்த நாட்களில் வீட்டுக்கு வந்து அப்பா அதிகம் பேசவில்லை. வருத்தமா என்று ஒரு தடவை கேட்டேன். வேலைதானே, இதுவும் மனுஷங்களுக்குத்தானே என்றார்.

மண்டபம் திறப்பதற்கு முன்பே அப்பா போய்விட்டார். நவம்பர் தொடக்கம், வெயில் அடித்த ஒரு காலை. பனிக்காலத்துக்கு வண்டிச் சக்கரம் மாற்றிக்கொண்டிருந்தார், ஒரு சக்கரம் பாக்கி. நான் உள்ளே முள்ளங்கி அரிந்துகொண்டிருந்தேன். இரும்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, அப்புறம் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதை நான் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன். போய்ப் பார்த்தபோது சக்கரத்தின் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், ஓய்வு எடுக்கிற மாதிரிதான் இருந்தது. கையுறையைக்கூடக் கழற்றி மடித்து வைத்திருந்தார். அதிலிருந்து எனக்கு எல்லாமே அடுத்த அறையில் நடக்கிற மாதிரி இருக்கிறது. யாராவது வந்து அழுதால் நான் டீ போட்டுக் கொடுக்கிறேன்.

அன்று சாயங்காலமே முதலாளி வந்து பாயில் நெற்றி படும்படி வணங்கினார். ஷிகெஹரு கட்டின எடம்மா அது, முதல் சடங்கு அவருக்கு நடக்கட்டும், எல்லாத்தையும் நாங்க பாத்துக்கறோம் என்றார். பெரியப்பா யோஷிகாத்சு அங்கேயே இருந்தார், அவருக்கு முகம் சிவந்துவிட்டது. என் தம்பிய வெச்சு மண்டபத்துக்கு விளம்பரமா, நாலு தலைமுறையா நம்ம குடும்பத்துக்கு ஒரு புத்தர் கோயில் இருக்கு, அங்கதான் வெக்கணும், அந்த வெள்ளக்காரன் பொம்மைக் கோயில்ல வெச்சா செத்தவன் எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம முழிப்பான் என்று கத்தினார். முதலாளி தலையைத் தூக்கவே இல்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மண்டபத்துலயே வெக்கலாம் என்றேன். ஏன் என்றார் பெரியப்பா. சூடு நல்லா இருக்கும் என்றேன். வேறு காரணம் ஒன்றும் அப்போது எனக்குத் தோன்றவில்லை, அப்பா சொன்னதுதான் வாயில் வந்தது. செத்தவனுக்கு எதுக்கும்மா சூடு என்றார் பெரியப்பா. வர்றவங்களுக்கு என்றேன். அவர் வெளியே போய் சிகரெட் பிடித்தார்.

சடங்கன்று எனக்குக் கறுப்புக் கிமோனோ கட்டிவிட வந்த பெண் கொஞ்சம் வாயாடி. அந்தக் காலத்துல நம்ம ஊர்ல துக்கத்துக்கு வெள்ளைதாங்க, வெளிநாட்டுக்காரங்களப் பாத்துத்தான் கறுப்புக்கு மாறினோம், இப்ப வெள்ளை கட்டினா கல்யாணப் பொண்ணுன்னு நெனப்பாங்க என்று சொல்லிக்கொண்டே இடுப்பை இறுக்கினாள். நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு நின்றேன். யாரோ ஒரு அம்மாள் கறுப்பில் நின்றுகொண்டிருந்தாள்.

நம் கோயில் சாமியார் ரியோஷுன் உனக்குத் தெரியும், உன்னைவிட இரண்டு வகுப்பு மேலே படித்தவர், அவர் அப்பா போன பிறகு இவர்தான் பார்க்கிறார். சின்ன வெள்ளைக் கார் ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினார். வாசலிலேயே பெரியப்பா பிடித்துக்கொண்டார். சாமி, இந்த வேஷக் கட்டடத்துல உக்காந்து மந்திரம் சொல்ல உங்களுக்கே கூச்சமா இல்லையா என்று கேட்டார். ரியோஷுன் குடையை மடக்கி உதறிவிட்டு, பெரியவரே, நான் சொல்றது இந்தியாவுல பிறந்தது, சீனாக்காரங்க எழுத்துல ஏறி வந்து நம்ம நாக்குல விழுந்தது, பாதிக்கு எனக்கே அர்த்தம் தெரியாது, அதைக் கேட்டுட்டு நீங்க வருஷா வருஷம் அழறீங்க, இன்னிக்கும் அழுங்க, எடம் எதுவா இருந்தா என்ன என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். கோபமாகச் சொல்லவில்லை, பல் டாக்டர் மாதிரி சொன்னார். உள்ளே போய் அந்த ஜன்னலைப் பார்த்து, இவர் யாரு என்று கேட்டார். அங்கே நின்றிருந்த டங்கன்தான், தொலைஞ்சுபோன ஆட்டைத் தேடிக் கண்டுபிடிச்சுத் தூக்கிட்டு வர்றாருங்க சாமி என்றார். ரியோஷுன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நல்ல வேலை என்றார். அந்த ஜன்னலுக்குக் கீழேதான் அப்பாவின் பெட்டியை வைத்தார்கள். மழை விட்டிருந்தது. சிவப்பும் நீலமுமாக வெளிச்சம் பெட்டி மேல் விழுந்து கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வரிசையில் டங்கன் வந்தபோது எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், பாதிரியார் அங்கியில்லாமல் கறுப்புக் கோட்டில் அவரை ஊரில் யாரும் பார்த்ததில்லை. நம் புத்த ஜெபமாலை விரலில் சரியாகத் தொங்க, பொடியை எடுத்து நெற்றிக்கு உயர்த்தி, தணலில் போட்டு, எங்களுக்கு வணங்கி, சாமியாருக்கு வணங்கி, ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. அவருக்கு முன்னால் போன தகாயுகி கைபேசியை ஒரு கையில் பிடித்தபடியே பொடியைச் சாம்பல் பக்கம் போட்டுவிட்டுப் பக்கத்து ஆளைப் பார்த்து முழித்தான், அதுவரைதான் நீ பார்த்திருப்பாய். டங்கன் என்னிடம் வந்து, எங்க ஊர்ல செத்துப்போன எங்கம்மாவுக்குக்கூட நான் இவ்வளவு ஒழுங்கா எதுவும் செய்யலீங்க, எல்லாம் ஷிகெஹரு சார் சொல்லிக் குடுத்தது என்றார். சளி பிடிக்காம பாத்துக்குங்க என்றேன்.

இனி நீ பார்க்காதது. பெட்டியை மூடினார்கள். பெரியப்பாவும் தகாயுகியும் இன்னும் நான்கு பேரும் தூக்கினார்கள். நான் அப்பாவின் படத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தேன். கல்யாணப் பெண்கள் நடந்து போவார்களே, அதே நடுப்பாதை. கடைசியில் பெரிய இரட்டைக் கதவு, அதை உள்ளிருந்து இரண்டு பக்கமும் விரியத் திறந்தார்கள். திறந்ததும் கோபுரத்திலிருந்து மணி அடிக்க ஆரம்பித்தது. கல்யாண மணி சிஹோ. டிங் டாங் என்று தெரு முழுக்க. முதல் முத்தம் முடிந்து மாப்பிள்ளையும் பெண்ணும் வெளியே வரும்போது அடிக்கிற அதே மணி. கதவோடு சேர்த்து வயர் போட்டிருந்தார்களாம், சிலுவையைக் கழற்றியவர்கள் அதைக் கவனிக்கவில்லை. முதலாளி முகம் வெளுத்து ஓடினார், பின்பக்கம் ஓடினார், மாடிக்கு ஓடினார், சுவிட்ச் எங்கடா, சுவிட்ச் எங்கடா என்று கத்துகிறார். மண்டபத்துப் பையன்கள் ஒவ்வொரு கரண்ட் பெட்டியாகத் திறந்து பார்க்கிறார்கள். அந்தச் சுவிட்ச் எங்கே என்று தெரிந்த ஒரே ஆள் பெட்டிக்குள் படுத்திருந்தார்.

தூக்கினவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். பெரியப்பாவின் கழுத்து நரம்பு துடிப்பது எனக்குத் தெரிந்தது, எந்த நிமிஷமும் வெடிப்பார் என்று நினைத்தேன். மணி பாட்டுக்கு அடிக்கிறது. கதவு திறந்து கிடக்கிறது, வயல் பக்கத்திலிருந்து குளிர்காற்று வருகிறது. நான் திரும்பி, நடங்க, குளிர் உள்ள வருது என்றேன். வேறு ஒன்றும் நினைத்துச் சொல்லவில்லை. அவர்கள் நடந்தார்கள். அப்போது பின்னாலிருந்து ஒரு கைதட்டல் கேட்டது. ஒரு பெண், கோதுமை மாவுக் கடைக்காரர் வீட்டு மருமகள், அங்கே கல்யாணம் ஆனவள், மணிச்சத்தம் கேட்டதும் கை தானாகத் தட்டிவிட்டது போலிருக்கிறது, புருஷன் அவள் கையைப் பிடித்து அமுக்கினான், அவள் முகத்தை மூடிக்கொண்டாள். இரண்டு அடி நடந்திருப்போம். டங்கன் தட்ட ஆரம்பித்தார். பெரிய கை அவருக்கு, சத்தம் கூரையில் போய் மோதியது. ஒவ்வொரு கல்யாணத்திலும் அந்த மணிக்கு முதலில் தட்டுகிறவர் அவர்தான். அப்புறம் அந்தப் பெண்ணும் தட்டினாள், அவள் புருஷனும், அப்புறம் வரிசை வரிசையாக எல்லோரும். வந்திருந்தவர்களில் எத்தனை பேரை அப்பா அந்தப் பாதையில் நடக்கப் பழக்கியிருப்பார் என்று அப்போதுதான் பார்த்தேன். அரிசி ஆலைக்காரர், லாரி ஓட்டுகிறவர், அந்த ஊமை மாதிரி இருப்பாரே தபால்காரர், தங்கள் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு எந்தக் காலை முதலில் வைப்பது என்று தெரியாமல் வியர்த்து நின்ற அப்பாக்கள். அவர்கள் எல்லோரும் அழுதுகொண்டே தட்டினார்கள். நான் தட்டவில்லை, கையில் படம் இருந்தது. அழவும் இல்லை. வாசல்படியில் இறங்கும்போது கிமோனோ நுனி ஈரத்தில் படுகிறதே என்று நினைத்தேன், இரவல் உடை. நாங்கள் வண்டியில் ஏறின பிறகும் அந்த மணி அடித்துக்கொண்டிருந்தது.

தகனம் முடிகிறவரை ஓர் அறையில் காத்திருந்தோம். மன்னிப்புக் கேட்க வந்த முதலாளியைப் பெரியப்பா ஏதாவது சொல்லப் போகிறார் என்று எல்லோரும் டீக்கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா கடைசியில், அவன் அந்தச் சுவிட்ச்ச வேணும்னே ஒளிச்சு வெச்சிருப்பான், சின்ன வயசுல என் மிட்டாய ஒளிச்சு வெச்ச பய என்றார். ஒருவர் சிரித்தார், அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள், பெரியப்பா சிரித்துக்கொண்டே கர்ச்சீப்பில் முகத்தைப் புதைத்தவர் எடுக்கவே இல்லை. இதைத்தான் உன்னிடம் நல்லபடியாக முடிந்தது என்று சொன்னேன். நீ வேஷம் என்று சொன்னதை நான் மறக்கவில்லை, நீ சொன்னதில் தப்பும் இல்லை, வேஷம்தான். ஆனால் அன்று அந்த இடத்தில் இருந்தவர்களில் யார் வேஷம் போட்டார்கள், யார் போடவில்லை என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நீ வந்து அந்த ஜன்னலை ஒரு தடவை பகல் வெளிச்சத்தில் பார். அவ்வளவுதான் சொல்ல இருக்கிறது.

உனக்குப் பார்சல் ஒன்று போட்டிருக்கிறேன். கடற்பாசி, காய்ந்த மீன் சீவல், பிள்ளைக்குப் பருத்திச் சட்டை, நீ கேட்ட கறி மசாலாக் கட்டி. உன் மாமியாருக்கு ஒரு நாள் அதைக் கரைத்துக் கறிச்சோறு செய்து போடு. இது இந்தியச் சாப்பாடு ஆச்சே என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடு. முன்பு ஒரு கல்யாண விருந்தில் மாப்பிள்ளை கம்பெனியிலிருந்து வந்த இந்தியர் ஒருவர் நம் கறிச்சோற்றை மூன்று தட்டு சாப்பிட்டுவிட்டு, ரொம்ப ருசி, இது எந்த நாட்டுச் சாப்பாடு என்று அப்பாவிடம் கேட்டாராம். அப்பா தலையைச் சொறிந்தாராம். பிள்ளைக்கு ஜப்பானியப் பெயரா அந்த ஊர்ப் பெயரா என்று கேட்டிருந்தாய். இரண்டு வீட்டுக் கிழங்களும் பல் இல்லாமலும் கூப்பிட முடிகிற பெயராக வை, போதும். இரும்புச் சத்து மாத்திரையை விடாதே. பனியில் சைக்கிள் ஓட்டாதே, அங்கே கர்ப்பிணிகள் எல்லோரும் ஓட்டுகிறார்கள் என்று சொல்லாதே, அவர்கள் ஓட்டட்டும்.

இன்னொன்று நடந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்த மறுநாள் கிறிஸ்துமஸ் ஈவ். நான் விளக்குகூடப் போடாமல் அடியில் சூடு வைத்த போர்வை மேசைக்குள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தேன். வாசலில் யாரோ பனியைத் தட்டி உதறுகிற சத்தம். பெரியப்பா, தலை முழுக்கப் பனி, கையில் பொரித்த கோழி வாளி. அந்தக் கோழிக் கடையில் அன்றைக்கு எவ்வளவு நீள வரிசை நிற்கும் என்று உனக்குத் தெரியும். எழுபத்திரண்டு வயசு மனுஷன், வெள்ளைக்காரன் பண்டிகைக்குக் கோழி திங்கற ஜாதி ஒலகத்துலயே நம்ம ஒண்ணுதான் என்று வருஷா வருஷம் அப்பாவைக் கேலி செய்கிறவர், காதுச் சிவப்போடு நிற்கிறார். என்னைப் பார்க்காமல், வருஷா வருஷம் அவன்தான் எங்க வீட்டுக்கு வாங்கிட்டு வருவான், இந்த வருஷம் சாயங்காலம் ஆச்சு, யாரும் வரல, பேரப்பிள்ளைங்க வாசலையே பாத்துட்டு இருந்துச்சுங்க, போய் நின்னேன், உனக்கும் சேத்து வாங்கினேன், வெறும் கோழிதான் என்றார். உள்ளே வரச் சொன்னேன். முதலில் ஒரு துண்டைத் தட்டில் எடுத்துப் புத்தர் மாடத்தில் அப்பாவின் படத்துக்கு முன்னால் வைத்து மணியைத் தட்டிக் கும்பிட்டார். சாமியாரு பாத்தா இறைச்சியான்னு திட்டுவாரு என்றார். அவரும் இன்னிக்கு இதத்தான் தின்னுட்டிருப்பாரு என்றேன். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து கையால் பிய்த்துச் சாப்பிட்டோம். டிவி போடவில்லை. பாதியில் நான், உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு என்றேன். சொன்ன பிறகு கை அப்படியே நின்றுவிட்டது. அப்பா போன நாளிலிருந்து நான் சாப்பிட்டது சோறா பஞ்சா என்று எனக்கு நிஜமாகவே தெரியாது, யாரிடமும் சொல்லவில்லை. இது உப்பு என்று தெரிந்தது. எலும்பைத் தட்டில் வைத்தேன், அப்புறம் எனக்கு அழுகை வந்துவிட்டது சிஹோ, எண்ணெய்க் கையால் கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை. பெரியப்பா காகிதக் கைக்குட்டைப் பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டு, அடுத்த துண்டை எடுத்து என் தட்டில் வைத்தார்.

இந்த வருடம் நமக்குத் துக்கம், புத்தாண்டு வாழ்த்து யாருக்கும் சொல்லக்கூடாது, உனக்கும் சொல்லவில்லை. அப்பாவின் எலும்பைப் பனி கரைகிறவரை கல்லறையில் வைக்க முடியாது, வீட்டில்தான் வைத்திருக்கிறேன். வசந்தத்தில் வைத்துவிடலாம் என்று ரியோஷுன் சொன்னார், நான் பிள்ளை பிறந்து விமானம் ஏறுகிற வயசு வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன். நிதானமாக வாருங்கள், அப்பாவுக்கு ஒரு அவசரமும் இல்லை. சுகமாகப் பிரசவம் ஆகட்டும், தாயும் பிள்ளையும் நன்றாக இருங்கள், மாப்பிள்ளைக்கும் சம்பந்தி அம்மாளுக்கும் என் வணக்கத்தைச் சொல். பார்சல் கிடைத்ததும் ஒரு வார்த்தை போன் செய், மழை, பனி தவிர வேறு ஏதாவது பேசப் பார்க்கிறேன்.

உன் அம்மா
மித்சுயோ